அயோகாவின் ராத்திரிக் குல்லா

இலேஷா
12 ஜனவரி 1997, ஞாயிறு

அயோகாவின் அம்மா அபோசெதேக்கு,

அயோகாவின் அப்பா இஷோலா எழுதுவது. லாகோஸில் நீயும் உன் அத்தை மகளும் அவளுடைய முடி பின்னும் கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் பிள்ளையும் சௌக்கியம். ஊரில் டயர்களுக்குத்தான் உடம்பு சரியில்லை. பஞ்சர் ஒட்டுகிறவன் வீடு, அதனால்தான் நாங்கள் சௌக்கியம்.

டெலிபோன் இனி வேண்டாம். போன வாரம் பேசிய மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடம் சண்டை, மீதி அரை நிமிடம் "கேக்குதா, கேக்குதா". டெலிபோன் கடைக்காரன் ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, "அண்ணே, ஒங்க ரெண்டு பேருக்கும் கடுதாசிதான் தோது. எழுதும்போது குறுக்க பேச முடியாது பாருங்க" என்றான். மூசிலியுவின் பஸ் வாரம் இரண்டு முறை நீ இருக்கும் முஷின் வழியாகத்தானே போகிறது. அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சொன்னது மறக்கவில்லை. ஈஸ்டருக்கு வருவாய். பிள்ளையின் தலையைப் பார்ப்பாய். முடி நீ விட்டுப்போன மாதிரி இருந்தால் அயோகா என்னோடு இருந்து மூன்றாம் வகுப்பை முடிக்கலாம். உடைந்து கொட்டியிருந்தால் பெட்டியைக் கட்டி லாகோஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய். சொந்த மண்டையில் இருந்ததையே காப்பாற்றத் தெரியாதவனிடம் இப்படி ஒரு பந்தயம். என் வழுக்கையைப் பார்த்தவர்கள் எல்லாரும் உன் பக்கம்தான்.

உன் தங்கை இருந்தவரை கவலையில்லை. அவள் கல்யாணமாகிப் போனதும் தலை என் கைக்கு வந்துவிட்டது. நேற்று படுக்கப் போகும் முன் என் பழைய பருத்திச் சட்டையைக் கிழித்து அவள் தலையில் கட்டினேன். காலையில் பார்த்தால் துணி காலடியில் கிடக்கிறது. முடி முழுக்கத் தலையணைப் பஞ்சு. "அப்பா, இது தலையா, தலகாணியா?" என்கிறாள். என் சட்டைப்பை சீப்பை எடுத்து வாரினேன். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அல்ஹாஜா சிக்கிரா நோன்போடு ஓடிவந்துவிட்டாள். சீப்பில் பதினாறு பல் இருந்தது, இப்போது ஒன்பது. ஏழில் மூன்றை எடுத்துவிட்டேன். மீதி நான்கும் அவள் தலைக்குள்தான் எங்கோ இருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுது. நீ சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒன்பது பல் சீப்புக்காரன்
இஷோலா

*

முஷின், லாகோஸ்
19 ஜனவரி 1997

அயோகா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர் படித்துவிட்டார்கள். மூசிலியுவுக்கு எழுத்துத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியாதா? எந்தத் தெரு என்று பார்த்துச் சொல்ல முன்சீட்டு ஆளிடம் கொடுத்திருக்கிறான். அந்த மனுஷர் விலாசத்தோடு நிறுத்தாமல் சீப்புப் பல் வரைக்கும் பஸ்ஸுக்கே கேட்க வாசித்திருக்கிறார். பஸ் வந்து நின்றதும் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "நீதான் அபோசெதேயா? பிள்ளை தலையில இன்னும் நாலு பல்லு கெடக்காமே. மொதல்ல அத எடுக்கச் சொல்லு தாயி" என்றாள். தயவுசெய்து இனி கவரை ஒட்டி அனுப்புங்கள்.

நீங்கள் செய்தது அத்தனையும் தப்பு. பருத்தி ஒரு குடிகாரத் துணி. முடியில் இருக்கும் ஈரத்தையும் பசையையும் விடிவதற்குள் உறிஞ்சிவிடும். விடிந்ததும் முடி சருகாக இருக்கும். சருகைப் போய்ச் சீப்பால் தொட்டால் ஒடியாமல் என்ன செய்யும்? அதுவும் இந்த ஹர்மத்தான் வறட்டுக் காற்றில். உதடே வெடிக்கிறது, முடி மட்டும் தாங்குமா?

கவனமாகப் படியுங்கள். படுக்கும் முன் முதலில் தண்ணீர். தெளிக்க வேண்டும், ரேடியேட்டருக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றக் கூடாது. பிறகு பாக்களவு ஷியா வெண்ணெய். உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, முக்கியமாக நுனிகளில் தடவுங்கள். வயசான முடி நுனியில்தான் இருக்கிறது. பின்னல் போட்டிருக்கும் நாளில் இவ்வளவு போதும். சனிக்கிழமை பின்னலை அவிழ்த்த பிறகு நாலு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கி விடுங்கள். தளர்வாக. அதற்கு மேல் சாட்டின் துணி. சாட்டின் வழுக்கும், முடியைப் பிடித்து இழுக்காது. வாருவதற்கு அகலப் பல் சீப்பு, அதுவும் ஈரமாக இருக்கும்போது மட்டும், நுனியிலிருந்து மேலே. நெற்றி ஓரத்து முடிதான் ரொம்ப மென்மை. அதை இறுக்கினால் போனதுதான்.

நம் முடி வளராது என்று கடைக்கு வருகிற பாதிப்பேர் சொல்கிறார்கள். வளராமல் என்ன? எல்லாருக்கும் போலத்தான் வளர்கிறது. வளர்ந்ததைத் தலையணையில் தேய்த்து ஒடித்துவிட்டு வளரவில்லை என்கிறோம்.

இது ஒருநாள் வேலை இல்லை. தினமும். அதுதான் எனக்குப் பயம். கோழிக்கூண்டுக்கு மூன்று பக்கம் கட்டினீர்கள். நாலாவது பக்கம் வழியாகக் கோழிகள் போயின. "போறேன், எனக்கும் ஒரு தொழில் கைவரணும்" என்று அக்டோபரில் நான் அழுதுகொண்டு சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "போறப்ப கதவச் சாத்திட்டுப் போ, கொசு வரும்." சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

பிள்ளைக்கு என் முத்தம். உங்களுக்கு ஒரு அகலப் பல் சீப்பு இதோடு வருகிறது.

அபோசெதே

*

இலேஷா
27 ஜனவரி 1997

அயோகா அம்மாவுக்கு,

சீப்பு வந்தது. பெரிய மனுஷச் சீப்பு. மண்வெட்டி மாதிரி இருக்கிறது, ஆனால் பிள்ளை கத்தவில்லை. பழைய பற்கள் நான்கும் கிடைத்துவிட்டன. அந்த பஸ் அம்மாள் கேட்டால் சொல்லிவிடு.

சாட்டின் வாங்க சந்தைக்குப் போனேன். துணிக்காரி, "எத்தன கெஜம்?" என்றாள். "ஒரு தலைக்கு" என்றேன். என் மண்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்க மூட என்ன இருக்கு, மாமா?" என்றாள். சந்தையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். சிவப்பு சாட்டினாக வாங்கி வந்தேன்.

துணியைக் கட்டிவிட்டால் நிற்கவில்லை. உன் மகள் தூங்குவது தூக்கமா? தலை கிழக்கே வைத்துப் படுத்தவள் விடியும்போது மேற்கே இருக்கிறாள். நடுவில் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள். துணி கதவோரம் கிடக்கிறது. மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் நானே உட்கார்ந்து, கால்பந்து தைக்கிற ஊசியால் ஒரு குல்லா தைத்துவிட்டேன். வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்து, உள்ளே எலாஸ்டிக் விட்டு. அபோசெதே, மந்திரம் போட்டதுபோல் நின்றது! விடியும்வரை ஒரு இம்மி நகரவில்லை. எலாஸ்டிக் எங்கே கிடைத்தது என்று கேட்காதே. என் கடையில் இல்லாத சரக்கா?

கண்ணாடியில் பார்த்துவிட்டு அயோகா, "அப்பா, நான் கவர் போட்ட ஸ்டெப்னி மாதிரி இருக்கேன்" என்றாள். இருக்கட்டும். ஸ்டெப்னியை யாரும் தலையணையில் தேய்ப்பதில்லையே.

தினமும் செய்கிறேன். சத்தியம். தண்ணீர், வெண்ணெய், குல்லா. நேற்று மறந்து படுத்துவிட்டேன், பிள்ளையே வந்து எழுப்பி, "டூட்டி" என்றாள்.

கவரை இந்த முறை ஒட்டியிருக்கிறேன். வீட்டில் வேறு பசை இல்லாததால் பஞ்சர் சொலூஷன்.

குல்லாக் கம்பெனி முதலாளி,
இஷோலா

*

முஷின்
3 பிப்ரவரி 1997

அயோகா அப்பாவுக்கு,

கவரைத் திறக்க ஒரு கத்தி, ஒரு கத்தரி, பக்கத்துத் தையல்காரர் ஆகியோர் தேவைப்பட்டார்கள். கடிதத்தின் நாலு வரி கவரோடு போய்விட்டது. இருந்ததைப் படித்தேன். நான் சிரிக்கவில்லை. நான் சிரித்ததாக இங்கே வேலை பழகும் பெண் யாரிடமாவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த எலாஸ்டிக்கைப் பற்றித்தான் கேட்கிறேன். கேட்காதே என்று எழுதினால் கேட்கத்தான் செய்வேன். குல்லா போட்ட பிறகு ஓரத்துக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழைகிறதா? இல்லையென்றால் எலாஸ்டிக்கே வேண்டாம், நாடா போதும்.

இங்கே ஒரு நாளைக்கு ஒன்பது தலை. நின்று நின்று கால் யானைக்கால். விரல் நுனி மரத்துப்போகிறது. கடையை மூடியதும் வாடிக்கையாளர் பெஞ்சிலேயே விழுந்துவிடுகிறேன். வருகிறவர்களுக்கு மட்டும், "அக்கா, ராத்திரி மூடிப் படுங்க, இறுக்காதீங்க" என்று நாளெல்லாம் உபதேசம்.

பிள்ளை என்னைக் கேட்கிறாளா? கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?

அபோசெதே

*

இலேஷா
16 பிப்ரவரி 1997

அயோகா அம்மாவுக்கு,

கேட்கிறாள். "அம்மா லாகோஸ்ல எல்லாரு தலையையும் பின்னி முடிச்சுட்டு வருவாங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன். "லாகோஸ்ல எத்தன தலை இருக்கு?" என்றாள். எனக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம்.

எலாஸ்டிக் அருமையான எலாஸ்டிக். விரல் நுழைகிறது. யார் விரல் என்பதைப் பொறுத்தது.

அல்ஹாஜா நோன்பு முடித்துப் பெருநாளும் கொண்டாடிவிட்டாள். எங்களுக்கு ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு. இந்த வாரம் பள்ளிக்கூடப் பலகையில் எழுதிப்போட்ட பின்னல் ஷுக்கு. எல்லாப் பின்னலும் உச்சிக்கு ஏறிக் கூடை மாதிரி நிற்குமே, அதுதான். அல்ஹாஜாதான் பின்னினாள். வாரத்துக்கு ஒரு பின்னல், எல்லாப் பெண்பிள்ளைக்கும் ஒரே பின்னல் என்று சட்டம் போட்ட தலைமையாசிரியைக்குத் தலையில் ஒரு விரல் நீளம்கூட முடி கிடையாது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் ஒரு ஜாதி.

ஒரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். "அப்பா, குல்லா போட்டா முடி வளரும்னா நீங்க ஏன் போடல?" என்று பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. மிச்சத் துணியில் எனக்கும் ஒன்று தைத்தேன். போட்டுப் படுத்தேன். காலையில் யாரோ ஹாரன் அடிக்க, அவசரத்தில் வெளியே ஓடிவிட்டேன். யாம் கிழங்கு லாரி. முன் டயர் போய் நிற்கிறது. டிரைவர் என்னையே பார்க்கிறான்.

"என்னப்பா பாக்குற? எந்த டயர்?"

"டயர் இருக்கட்டும் அண்ணாச்சி. அக்கா ஊர்ல இல்லேன்னு சொன்னாங்க... அதுக்காக அக்காவாவே மாறிட்டீங்களா?"

சிவப்பு சாட்டின் குல்லா! மூன்று நாளாக எல்லா லாரிக்காரனும், "அக்கா, காத்து பிடிக்கணும்" என்றுதான் வண்டியை நிறுத்துகிறான். தொழில் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

முடி நன்றாக வளர்கிறது. போன சனிக்கிழமை பின்னலை அவிழ்த்தபோது பின்முடியை நீட்டிப் பார்த்தோம், தோளைத் தொட்டது. எல்லாம் ரொம்ப நன்றாகப் போகிறது.

அக்கா இஷோலா

*

முஷின்
24 பிப்ரவரி 1997

அயோகா அப்பாவுக்கு,

கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தை மகள் கீழே உட்கார்ந்துவிட்டாள். தலையில் பாதிப் பின்னலோடு இருந்த ஒரு அம்மாள், "இந்த மனுசன விட்டுட்டா வந்திருக்க?" என்று கேட்டாள். "கூட இருந்து பாருங்கம்மா, அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று. எல்லாம் ரொம்ப நன்றாகப் போகிறது என்று நீங்கள் எழுதினால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. கோழிக்கூண்டையும் அப்படித்தான் சொன்னீர்கள். பின்முடியை எழுதினீர்கள். முன்முடி எப்படி இருக்கிறது?

பெரிய வெள்ளியன்று மூசிலியு பஸ்ஸில் வருகிறேன்.

அபோசெதே

*

இலேஷா
9 மார்ச் 1997

அபோசெதே,

இதைப் பசை போட்டு ஒட்டவில்லை. பஸ்ஸில் படித்தால் படிக்கட்டும்.

முன்முடி போய்விட்டது.

ஒரு காதிலிருந்து மறு காதுவரை, நெற்றி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு. முழுக்கவும் இல்லை, பூனைமயிர் மாதிரி ஏதோ இருக்கிறது. ஆனால் பின்னலில் பிடிக்க எதுவும் இல்லை. போன ஞாயிறு அல்ஹாஜா பின்ன உட்கார்ந்தவள் கையை எடுத்துவிட்டு, "இஷோலா, இங்க வா. இதப் பாரு. நான் எதப் பிடிச்சுப் பின்னுறது?" என்றாள். பிறகு குல்லாவை எடுத்துவரச் சொன்னாள். ஓரத்தைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியே இழுத்துப் பார்த்தாள். "இது என்னது?" என்றாள். "சைக்கிள் டியூப்" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆமாம், டியூப். மெல்லிசாக வளையம் வெட்டி ஓரத்தில் விட்டுத் தைத்தேன். எதையும் நகராமல் இறுக்கிப் பிடிப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை. இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று நீ எழுதினாய். என் விரல் ஒன்றுகூட நுழையவில்லை. பிள்ளையின் சுண்டுவிரல்தான் நுழைந்தது. அதை வைத்துத்தான் நுழைகிறது என்று எழுதினேன். தினமும் காலையில் அவள் நெற்றியில் தடம் இருந்தது. "அப்பா, ராத்திரி என் நெத்தி மேல வண்டி போயிருக்கு" என்று அவளே சொன்னாள். அதற்கும் சிரித்தேன். அவளையும் சிரிக்கவைத்தேன். வலிக்கிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை. போன ஞாயிறுதான் கேட்டேன். "கொஞ்சம் வலிக்கும். ஆனா நீங்க கஷ்டப்பட்டுத் தைச்சீங்கல்ல" என்றாள்.

அக்டோபரில் நீ சொன்னபோதும் இப்படித்தான். நீ வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கொசுவைப் பற்றிப் பேசினேன்.

டியூப்பை வெட்டி எறிந்துவிட்டேன். இப்போது தையல்காரரிடம் கொடுத்து நாடா வைத்திருக்கிறேன், தளர்வாக. இந்த வாரமும் பள்ளியில் ஷுக்குதான். தலைமையாசிரியையிடம் போய், முன்னால் பின்ன முடியாது என்று சொன்னேன். தலைக்குத் துணி கட்டி வரலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார். தண்ணீரும் வெண்ணெயும் ஒருநாளும் விடவில்லை. அது மட்டும்தான் நான் எழுதியதில் முழு உண்மை.

பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். முடி நீ விட்டுப்போன மாதிரி இல்லை. ஈஸ்டருக்கு வா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. அவள் "அம்மாகிட்ட சொல்லாதீங்க, தொப்பி போட்டுக்கிறேன்" என்றாள். சொல்லத்தான் வேண்டும் என்றேன்.

இஷோலா

*

இலேஷா
18 மார்ச் 1997

அபோசெதே,

பதில் வரவில்லை. மூசிலியு இரண்டு தடவை வந்து போய்விட்டான். என்னைக் கண்டால் ரேடியோ சத்தத்தைக் கூட்டுகிறான். கடிதம் உன் கையில் சேர்ந்தது மட்டும் உறுதி, ஏனென்றால் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெரியவர் இறங்கிவந்து, "தம்பி, டியூப் டயருக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

அயோகாவின் துணிகளை மடித்துவைத்துவிட்டேன். பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா? நீ சொன்னால்தான் கொடுப்பேன். அவளுடைய தலையணை உறையும் சாட்டின்தான், அதையும் கட்டிவைக்கிறேன். வெண்ணெய் டப்பாவில் பாதி இருக்கிறது. அங்கே புதிது வாங்குவாயா, இதையே அனுப்பட்டுமா?

நான் தினமும் "டூட்டி" பார்க்கிறேன். அவள் போகும் நாள்வரை பார்ப்பேன்.

இஷோலா

*

முஷின்
21 மார்ச் 1997

அயோகா அப்பாவுக்கு,

பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. முதல் நாள் கோபம்தான். சைக்கிள் டியூப் என்ற இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். வேலை பழகும் பெண் எடுத்து நீவிக் கொடுத்தாள். மறுபடி படித்தேன். அப்புறம் கோபப்பட முடியவில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இதை ஒட்டி அனுப்புகிறேன், உங்கள் பசையால் அல்ல.

எனக்கும் முன்முடி இல்லை.

ஒரு காதிலிருந்து மறு காதுவரை. இரண்டு விரல் இல்லை, நாலு விரல். இங்கே வந்த புதிதில் கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று அத்தை மகள் என் தலையில் ஒட்டுமுடி சேர்த்து இறுக்கிப் பின்னிவிட்டாள். பார்க்க அழகாக இருந்தது. அவிழ்க்க நேரமில்லை, மூன்று வாரம் இருக்க வேண்டியதை ஏழு வாரம் விட்டேன். வெறும் பெஞ்சில், வெறும் தலையோடு, வைத்த இடத்தில் தூங்கினேன். அவிழ்த்தபோது பின்னலோடு வந்துவிட்டது. நாள் முழுக்க ஊருக்கு உபதேசம் செய்த வாய் இது. ஒரு ராத்திரியாவது என் தலையை மூடிப் படுத்தேனா?

இப்போது விக் வைத்துக்கொண்டுதான் கடையில் நிற்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மூன்று நாளும் தலைத்துணியை அவிழ்க்கவே இல்லை. நீங்கள் கவனிக்கவில்லை. கவனித்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பயம். கவனிக்கவில்லையே என்று ஒரே ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் பிள்ளைத் தலைமேல் பந்தயம் கட்டினேன். என் தலையில் காப்பாற்ற முடியாததை உங்களைக் காப்பாற்றச் சொன்னேன்.

உண்மையைச் சொன்னால் ஈஸ்டருக்கு வராமலிருக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். வந்தால் பிள்ளை முன்னால் இதைக் கழற்ற வேண்டுமே. இப்போது கழற்றலாம் என்று தோன்றுகிறது. அவளுக்கும் எனக்கும் ஒரே நெற்றி.

மடித்த துணிகளைப் பிரித்து வையுங்கள். சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். அவள் அங்கேயே படிக்கட்டும். சின்னப் பிள்ளை முடி, இறுக்காமல் விட்டால் திரும்ப வரும். ஷுக்கு மட்டும் இந்த வருஷம் வேண்டவே வேண்டாம், தலைமையாசிரியையிடம் நானே பேசுகிறேன். என்னுடையது வருமா என்று தெரியாது. வந்தாலும் வரும்.

பெரிய வெள்ளி மதியம் வருகிறேன். என்னைப் பார்த்துச் சிரித்தீர்களானால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். சொல்லிவிட்டேன்.

அபோசெதே

*

இலேஷா
25 மார்ச் 1997

என் அபோசெதேக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிரிக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்து, நடுவில் ஒரு பகடி வந்து விழுந்து, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது தாள்.

கிறிஸ்துமஸில் நான் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். கவனித்தேன். புதுத் துணி கட்டியிருக்கிறாள், லாகோஸ் பகட்டு என்று நினைத்துக்கொண்டேன். கவனிக்காததைவிட இது மோசம். ஆனாலும் பொய் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

உனக்கும் ஒரு குல்லா தைத்தாயிற்று. நாடா வைத்தது. உன் தலை என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்துவிட்டு, தையல்காரர் கேட்டபோது முழித்தேன். "பெரிசா வெட்டுறேன், அவுங்களே கட்டிக்கட்டும்" என்றார் அவர். கோழிக்கூண்டின் நாலாவது பக்கம் இன்னும் வெட்டவெளியாகத்தான் இருக்கிறது. அதை நீ வருவதற்குள் கட்டிவிடுவேன் என்று எழுத மாட்டேன்.

அயோகாவிடம் உன் தலையைப் பற்றிச் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. வருகிறாய் என்று மட்டும் சொன்னேன். மடித்துவைத்த துணிகளை அவளே ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, "அம்மா எத்தன நாள் இருப்பாங்க?" என்றாள்.

நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அல்ஹாஜா அக்காரா வடைக்குப் பயறு அரைத்துக்கொண்டிருந்தாள். "நெத்தி ஓரத்துல முடி போயிடுச்சுன்னா, திரும்ப வளர எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டேன். பிள்ளையின் முடியைத்தான் கேட்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். "தெனமும் எண்ணெ போட்டு, மூடிப் படுக்க வெச்சு, யாராவது கூடவே இருந்து பாத்துக்கிட்டா ஒரு வருசம் ஆகும். அதுக்கு மேலயும் ஆகலாம்" என்றாள்.

திரும்பிவந்து, அம்மா எத்தனை நாள் இருப்பாள் என்று கேட்ட பிள்ளையிடம் அதையே சொல்லிவிட்டேன்.

இஷோலா